பதினேழாம் நாள் முட்டை

அண்ணி,

எதிர்வீட்டுப் பெண் லீவுக்கு வந்திருக்கிறாள். உங்கள் பிலிப்பைன்ஸில்தான் டாக்டருக்குப் படிக்கிறாள், இது மூன்றாவது வருடம். நேற்று சாயங்காலம் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "உங்க அண்ணி அந்த ஊருன்னு அம்மா சொன்னாங்க ஆன்ட்டி. அதான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த வினிகர். உள்ளே உரித்த பூண்டும் நாலு ஊசி மிளகாயும் மிதந்துகொண்டிருந்தன. திறந்து பார்த்திருக்க வேண்டாம். திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் வீட்டுப் பின்கட்டு, சாக்கு, சூடான நெல், நீங்கள், எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. செல்போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். கூடப் படிக்கிறவர்கள் பந்தயம் கட்டி அவளைக் குஞ்சு வைத்த வாத்து முட்டையைத் தின்னச் சொல்லியிருக்கிறார்கள். முட்டையின் மேல்பக்கத்தை உடைத்து, சாற்றை உறிஞ்சி, உள்ளே இறகு மாதிரி என்னவோ தெரிந்ததும் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறாள். அவள் அம்மா "ஐயய்யே, நிறுத்துடி" என்று முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அண்ணி. அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்: "உங்க அண்ணி இதெல்லாம் சாப்பிடுவாங்களா ஆன்ட்டி?"

"தெரியலையேம்மா" என்றேன்.

ராத்திரி வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. இன்னும் இந்த ஒரு விஷயத்தில் நான் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் அடுத்தவர்களுக்கு லெட்டர் அடித்துக் கொடுத்தவள், எனக்கென்று எழுதும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

அண்ணன் உங்களை ஷார்ஜாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய நாளில் கிழக்குத் தாம்பரத்தில் நம் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு பேரும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள், அங்கேயே மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள் என்பதெல்லாம் போனில் முன்னாடியே தெரியும். தெரிந்தும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டுக்கு ராணி நான்தான். நீங்கள் வந்து, என் அடுப்பங்கரையில், என் வாணலியை எடுத்து, ஒரே வாரத்தில் அதைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டீர்கள். அதற்கும் கோபப்பட்டேன்.

நீங்கள் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டுமென்று நான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். 'நான் செல்கிறேன், நீ செல்கிறாய்' என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு ரயில்வே கேட் தாண்டி மார்க்கெட்டுக்குப் போய் மீன் விற்கிற அம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டீர்கள். ஆறு மாதம் கழித்து ஒருநாள் வேலையிலிருந்து வந்தவளை வாசலில் நின்று, "இன்னா தங்கச்சி, இம்மா நேரம்? பஸ்சு பேஜாரா?" என்று கேட்டீர்களே, எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் பள்ளிக்கூட டீச்சர்கள் முன்னால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாதே என்று நான் வேண்டாத நாளில்லை. நீங்களோ வேண்டுமென்றே திறப்பீர்கள். அண்ணன் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு நீங்களும் 'தங்கச்சி' என்றே கூப்பிட்டீர்கள். அதை மட்டும் நான் மாற்றச் சொல்லவில்லை.

நம் வீட்டில் எது சமைத்து வைத்தாலும் முதலில் மூக்கைச் சுருக்குவது நான். நீங்கள் செய்கிற வினிகர் ஊற்றிய கோழிக்கறியைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் கரண்டியை நீட்டிக்கொண்டு சொல்வீர்கள்: "துன்னு பாரு, அப்பால பேசு." தின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அதை ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூசை முடிந்து அண்ணன் நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு வந்தான். முட்டையிடுகிற கோழி. வெட்டியதில் உள்ளே கொத்தாக முட்டைக்கரு இருந்தது, பெரியதும் சின்னதுமாக மஞ்சள் மஞ்சளாக. நம் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அது எனக்குத்தான். அண்ணன் பங்கு கேட்டால் சண்டை. அன்றைக்கும் குழம்பிலிருந்து பொறுக்கி என் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நீங்கள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, உங்கள் ஊர் முட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

உங்கள் ஊர் பெரிய ஏரிக்கரை ஊர். ஏரி நிறைய வாத்து. சேவல் வாத்தோடு விட்ட வாத்தின் முட்டையைச் சூடான நெல்லுக்குள் பதினேழு நாள் வைத்திருந்து, அவித்து, கூடையில் துணி போட்டு மூடி, பொழுது சாய்ந்ததும் தெருத்தெருவாகக் கூவி விற்பார்கள். உங்கள் அப்பா ஒரு முட்டையை எடுத்து அகலமான பக்கத்தில் காசால் தட்டி, தோலைக் கிழித்து உங்கள் வாயில் வைப்பார். முதலில் உள்ளே இருக்கும் சாறு. அதை உறிஞ்ச வேண்டும். அப்புறம் உப்பு, மிளகாய் போட்ட வினிகர். ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை என்பதால் அந்தச் சாறு உங்களுக்கு. அதைச் சொல்லும்போது உதட்டைக் குவித்து உறிஞ்சிக் காட்டினீர்கள்.

"சீ அண்ணி! குஞ்சோடவா?" என்றேன்.

"ஆமா. குஞ்சு, மஞ்ச, தண்ணி, எல்லாம் கீது."

"எப்படி அண்ணி மனசு வருது உங்க ஆளுங்களுக்கு?"

நீங்கள் என் தட்டைக் காட்டினீர்கள். "அப்போ இது இன்னா தங்கச்சி?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. ஆட்டு மூளை, குடல், ரத்தப் பொரியல் என்று எதையும் விடாத குடும்பம் நாம். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு அந்த முட்டைப் பேச்சை நீங்கள் என் முன்னால் எடுக்கவே இல்லை.

அண்ணன் மாரடைப்பில் போனபோது உங்களுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் உங்களுக்கு டிக்கெட் போடுவதைப் பற்றித்தான் பேசினார்கள். நானும் மனதுக்குள் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நீங்கள் துணி மடித்துக்கொண்டே, "எங்க போறது? அங்க யாரு கீறாங்க? இதான் என் வூடு" என்றீர்கள். அதன்பின் நாம் இரண்டு பேர்தான். காலையில் நான் பள்ளிக்கூடம் போவேன். நீங்கள் சின்னச் சின்ன உருண்டை ரொட்டி சுட்டு சேலையூர் வரைக்கும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவீர்கள். சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்ப்போம். சண்டையும் போடுவோம். நாள் போகப் போக நீங்கள் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது என்கிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். அதையும் சொன்னதில்லை.

அப்புறம் வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எது கேட்டாலும் கொடுங்க. பத்தியம் எதுவும் வேண்டாம்" என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்து, உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, "டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னார் அண்ணி. என்ன சாப்பிடணும், சொல்லுங்க" என்றேன். நீங்கள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"கேட்டா குடுப்பியா?"

"எதுவானாலும் அண்ணி."

"எங்க ஊரு முட்டை."

வாயை விட்டுவிட்டேன், பின்வாங்க முடியாது. அது தை அறுப்பு முடிந்த சமயம். மணிமங்கலம் பக்கம் அறுத்த வயல்களில் வாத்துக் கூட்டம் இறங்கியிருந்ததை நீங்கள் எப்போதோ பஸ்ஸிலிருந்து பார்த்து வைத்திருந்தீர்கள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு நீங்களே வருவதாகச் சொன்னீர்கள். ஆட்டோ பிடித்துப் போனோம். ஏரிக்கரைக்குக் கீழே வயலில் ஆயிரம் வாத்து இருக்கும், எல்லாம் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தது. நீங்கள் ஆட்டோவை விட்டு இறங்கி, வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேற்றில் காலை வைத்துக்கொண்டு நின்றீர்கள். "எங்க ஊரு மாதிரியே கீது" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் உங்கள் முகத்தில் ரத்தம் பார்த்தேன்.

வாத்துக்காரர் நடுத்தர வயது ஆள், தலையில் துண்டு. உங்கள் முகத்தையும் உங்கள் தமிழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆம்பள வாத்து வுட்டுகினு கீறியாண்ணா?" என்று கேட்டீர்கள்.

"கீதும்மா. பத்துக்கு ஒண்ணு. அடைக்கா?"

"ஆமாண்ணா. அடைக்கு."

பன்னிரண்டு முட்டை. ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டி, வெயிலில் தூக்கிப் பார்த்து நீங்களே பொறுக்கினீர்கள். ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லி அவர் என் போனில் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

உங்களால் குனிய முடியாது, தூக்க முடியாது. அதனால் கை என்னுடையது, சொல் உங்களுடையது. ஐந்து படி நெல் வாங்கி வந்தேன். காலையில் அதை இரும்பு வாணலியில் போட்டு வறுக்காமல் சூடாக்க வேண்டும். கை வைத்தால் பொறுக்கிற சூடு, அவ்வளவுதான். "ஜொரம் வந்த புள்ள நெத்தி மாதிரி" என்று நீங்கள் சொன்ன கணக்கு. அதைத் துணிப்பையில் கொட்டி, கூடையில் ஒரு பை நெல், அதன்மேல் முட்டை, மேலே இன்னொரு பை, சுற்றிலும் சாக்கு. சாயங்காலம் வந்து மறுபடி சூடாக்கி, முட்டையைப் புரட்டி வைப்பேன். வெயில் ஏறிய நாட்களில் நெல்லை மாடியில் காயவைத்தாலே போதுமானதாக இருந்தது. பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மெதுவா, மெதுவா. தண்டல்காரன் மாதிரி புடிக்காத" என்று என்னை விரட்டுவீர்கள். அந்த இரண்டு வாரம் நீங்கள் வலியென்று முனகியது குறைவு. விடியும்போதே என்னைக் கூப்பிட்டு எத்தனையாவது நாள் என்று கேட்பீர்கள். சுவரில் காலண்டரில் நாள் நாளாக அடித்துக்கொண்டு வந்தேன்.

ஒன்று மட்டும் சொன்னீர்கள். "வெளக்கு வெச்சி பாக்காத. பாக்குறதுக்கு நான் கீறேன். நீ பாத்தா உன்னால முடியாது."

பார்த்தேன், அண்ணி. பத்தாம் நாள். நீங்கள் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரே ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, செல்போன் லைட்டை அதன் அடியில் வைத்தேன். ஓடு முழுக்க சிவப்பாக எரிந்தது. உள்ளே வேர்விட்ட மாதிரி நரம்பு. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது துடித்தது. பயந்து லைட்டை அணைத்துவிட்டேன். பத்து நாள் என் கையால் சூடு கொடுத்தது உயிராகி உள்ளே துடிக்கிறது. இதை நான்தான் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. உங்களிடம் சொல்லியிருக்கலாம். "அண்ணி, என்னால ஆகல. வேற யாரையாவது அவிச்சுத் தரச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்னைக் கேலி செய்திருப்பீர்கள், அவ்வளவுதான். மீன்கார அம்மாவைக் கூப்பிட்டு அடுப்பில் வைக்கச் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தோன்றவில்லை. அல்லது, தோன்றியும் நான் அதைச் செய்யவில்லை. என் வீட்டு அடுப்பில் அது வேகக் கூடாது என்று எனக்குள் இருந்தவள் ஒருத்தி பிடிவாதமாக நின்றாள். அருவருப்பைத்தான் அவள் இரக்கம் என்று சொல்லிக்கொண்டாள் என்பது இப்போது புரிகிறது.

பதினேழாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது, மத்தியானம் வந்து அவித்துத் தருகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் முட்டைகளை எடுத்து, சூட்டோடு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அந்தக் கண்ணில்லாத முட்டைகளைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு வெட்கம். மணிமங்கலம் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

வாத்துக்காரர் சிரித்தார். "இன்னா யக்கா, பாதியில தூக்கினு வந்துட்ட?"

"வச்சுப் பாத்துக்க முடியலண்ணா. நீங்க பொரிக்க வச்சுக்குங்க."

அடைக்கு உட்கார்ந்திருந்த இரண்டு நாட்டுக்கோழிகளுக்கு அடியில் ஆறாறாகத் தள்ளினார். "பொரிஞ்சா போன் பண்றேன் யக்கா" என்றார். பதிலுக்குப் புதிய முட்டை பன்னிரண்டு கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதில் நாலை அவித்தேன். கிண்ணத்தில் உப்பு வைத்தேன். பூண்டும் மிளகாயும் போட்டு நீங்கள் ஊறவைத்திருந்த வினிகரை ஊற்றினேன். தட்டைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்துவிட்டு, பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன்: "அண்ணி, ஒண்ணுகூட சரியா வரலைன்னு நினைக்கிறேன். எல்லாம் கூமுட்டை மாதிரி இருக்கு."

நீங்கள் ஒரு முட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தீர்கள். அதை வைத்துவிட்டு அடுத்தது. நாலையும் அப்படிப் பார்த்தீர்கள். சூடு பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு ஒன்றை அகலமான பக்கத்தில் மோதிரத்தால் தட்டி, ஓட்டைப் பெயர்த்து, தோலைக் கிழித்து உதட்டில் வைத்தீர்கள். கண்ணை மூடி உறிஞ்சினீர்கள். உள்ளே வெறும் வெள்ளைக்கரு, வெந்து கெட்டியாகிக் கிடந்தது. சாறு ஏது? உதட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தீர்கள். நான் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் ஓட்டை உரித்து, உப்பைத் தொட்டு, வினிகரை ஊற்றி, முழு முட்டையையும் சாப்பிட்டீர்கள். இரண்டு வாய்க்கு மேல் எதுவும் இறங்காதவர் அன்று முழுதாகச் சாப்பிட்டீர்கள். "நல்லா கீது தங்கச்சி" என்றீர்கள். "ரொம்ப கஷ்டப்பட்டுட்ட. போய் துன்னு."

நான் தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

நாலைந்து நாளில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. முட்டை, வாத்து எல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. ஒருநாள் காலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாத்துக்காரர்.

"யக்கா, ஒம்பது பொரிஞ்சிச்சு. ஒம்பதும் நல்லா ஓடினு கீது. மூணு கூமுட்டை. ஆமா, யாரு பாத்தது? பென்சில்ல கிராஸ் போட்ட ஒம்பதும் பொரிஞ்சிச்சு. போடாத மூணும் வீணு. கரெக்டா பாத்து போட்டு கீறாங்க யக்கா!"

எந்த கிராஸ் என்று கேட்க வாயெடுத்தேன். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பதினேழாம் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், நான் வேலைக்குப் போயிருந்தபோது, நடக்க முடியாத நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். உயிர் பிடித்ததிலெல்லாம் அகலமான பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருக்கிறீர்கள். மறுநாள் நான் கொண்டுவந்து வைத்த நாலு முட்டையிலும் அந்தச் சிலுவையைத்தான் தேடியிருக்கிறீர்கள். ஒன்றிலும் இல்லை. தெரிந்துதான் உடைத்தீர்கள். தெரிந்துதான் உதட்டில் வைத்து உறிஞ்சினீர்கள். தெரிந்துதான் நல்லா கீது என்றீர்கள்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்கள் குரல் மிகவும் இறங்கிவிட்டிருந்தது. ஸ்பூனை வாயருகே கொண்டுபோனதும் தலையை ஆட்டி வேண்டாம் என்றீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இன்னிக்கு இருபத்தெட்டு" என்றீர்கள்.

தேதியைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "இல்ல அண்ணி, இன்னிக்குப் பத்தொம்பது" என்றேன்.

"தேதி இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினீர்கள். "வாத்து இருபத்தெட்டு நாளு. எத்தினி பொரிஞ்சுது தங்கச்சி?"

கோபமே இல்லை அந்தக் குரலில். ரொட்டி எத்தனை மிச்சம் என்று கேட்கிற மாதிரி கேட்டீர்கள். படுக்கையில் கிடந்தபடி, அந்த வலியில், நீங்கள் நாள் எண்ணியிருக்கிறீர்கள். நான் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்த குஞ்சுகளுக்காக நாள் எண்ணியிருக்கிறீர்கள். பதில் என் வாயிலேயே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கேட்டது. ஒற்றை வார்த்தை. சொல்லிவிட்டு உங்கள் கையில் முகத்தை வைத்து அழுதிருந்தால் நீங்கள் என் தலையைத் தடவிக் கொடுத்திருப்பீர்கள். நன்றாகத் தெரியும்.

"எது அண்ணி?" என்று கேட்டேன்.

மணிக்கட்டை விட்டுவிட்டீர்கள். "ஒண்ணியும் இல்ல. வுடு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டீர்கள். அதற்கு நடுவில் நீங்கள் பேசியதெல்லாம் உங்கள் ஊர்ப் பாஷையில். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த ஒன்பதையும் நான் காப்பாற்றினேன் என்று கொஞ்ச காலம் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மாமா வீட்டில் வாத்துக்கறி. இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பாதிச் சாப்பாட்டில்தான் உறைத்தது. அந்த ஒன்பதும் வளர்ந்து, முட்டையிட்டு, யாரோ ஒருவர் வீட்டுச் சட்டியில்தான் முடிந்திருக்கும். நான் ஒரு குஞ்சையும் காப்பாற்றவில்லை. உங்கள் வாய்க்குப் போகவிருந்ததை மட்டும் தட்டிப் பறித்தேன். பதினேழு நாள் நீங்கள் காத்திருந்த ஒரு வாய்ச் சாறு. உங்கள் அப்பா ஊட்டியது மாதிரி நான் ஊட்டியிருக்கலாம். வீட்டில் வேறு யார் இருந்தார்கள், நான்தானே இருந்தேன்?

இதுவரைக்கும் எழுதிவிட்டு எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்வந்தேன், அண்ணி. அந்தப் பெண் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நேத்து கேட்டியேம்மா. எங்க அண்ணி சாப்பிடுவாங்க. அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசியா ஒரே ஒரு தடவை கேட்டாங்க. நான்தான் ஏமாத்திட்டேன்" என்றேன். அவள் வாயில் நுரையோடு என்னைப் பார்த்து முழித்தாள். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "ஆன்ட்டி, நானும் அந்தச் சாறு வரைக்கும் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. வீடியோவுக்காகத்தான் கத்தினேன்" என்றாள். நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். உங்கள் ஊரில் ஒரு தமிழ்ப் பெண் தின்று பார்த்துவிட்டுப் பேசுகிறாள்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கும் உங்களுக்கும் சாமந்தி மாலை, மெழுகுவத்தி எல்லாம் வாங்கியாயிற்று. நீங்கள் இருந்தபோது அண்ணன் கல்லறையில் பாய் விரித்துச் சோறு பரிமாறி, எல்லோரும் பார்க்கப் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பழக்கம் என்றீர்கள். நான் கூட வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தள்ளிப்போய் நின்றேன். நாளைக்கு நானும் பாய் கொண்டுவருகிறேன். இந்த வினிகரையும் கொண்டுவருகிறேன்.

ஆறு வருடமாக அந்த எண்ணை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். கடையில் முட்டை எண்ணும்போது அந்த இடம் வந்தால் எனக்கு நாக்கு நின்றுவிடுகிறது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றுதான். ஊரார் நடுவில் நாளைக்கு வாய் வராமல் போய்விடுமோ என்று இங்கேயே எழுதிவைக்கிறேன்.

ஒன்பது, அண்ணி. நீங்கள் சிலுவை போட்ட ஒன்பதும் பொரிந்தது.